ஞாயிறு பிற்பகல் வானொலி: அந்த வேளைக்கு ஏன் அவ்வளவு பிடிப்பு?

வானொலியில் நாள் முழுவதும் பாட்டும் பேச்சும் வந்துகொண்டுதான் இருந்தன. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வந்த பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளும் இசை நிகழ்ச்சிகளும் மட்டும் ஏன் பலருடைய நினைவில் இவ்வளவு அழுத்தமாகத் தங்கியிருக்கின்றன, அவற்றை உருவாக்கியவர்கள் அப்படி என்ன செய்தார்கள், விரும்பிய பாட்டை விரும்பிய நொடியில் கேட்டுவிட முடிகிற இக்காலத்தில் அப்படியொரு நிகழ்ச்சிக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்பது கேள்வி. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வார நாள் காலையில் வானொலி ஒரு கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது. செய்தி தொடங்கினால் குளிக்கப் போக வேண்டும், அடுத்த நிகழ்ச்சி முடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று வீடு அதைக் கணக்காக வைத்துக்கொள்கிறது; பாட்டு காதில் விழுகிறதே தவிர மனத்தில் இறங்குவதில்லை. இரவு வானொலி பெரும்பாலும் தனியாளுக்கு உரியது; ஒலியைத் தாழ்த்தி, பிறர் தூக்கத்தைக் கெடுக்காமல் கேட்பது. ஞாயிறு பிற்பகலில் மட்டும்தான் வேலைக்குப் போகிறவரும், பள்ளிக்குப் போகிற பிள்ளையும், வீட்டிலேயே இருக்கும் முதியவரும் ஒரே கூரையின் கீழ், அவசரம் ஏதுமின்றி, ஒரே பெட்டியைக் கேட்டார்கள். (வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக உள்ள நாடுகளில் இதே பிடிப்பு வெள்ளிப் பிற்பகலுக்கு இருக்கும், கிழமையைவிட ஓய்வுதான் முக்கியம்.) மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பிடித்ததைப் போட முடியாது. எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டிய அந்தக் கட்டாயமே, ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சிகளின் குணத்தைத் தீர்மானித்தது என்பது என் கருத்து.

இந்த வேளையின் அருமையை எல்லா நிலையங்களும் தொடக்கத்திலேயே உணரவில்லை. உணராதவை நேயர்களைப் பறிகொடுத்ததும், அவர்களைக் கடலுக்கு அப்பாலிருந்த நிலையங்கள் அள்ளிக்கொண்டதும் வானொலி வரலாற்றில் ஒருமுறைக்கு இருமுறை நடந்திருக்கின்றன.

முதல் முறை பிரிட்டனில் நடந்தது. 1922இல் தொடங்கிய பிபிசியை வழிநடத்திய ஜான் ரீத், வானொலி மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் உயர்த்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் சிந்தனைக்கும் உரிய நாள் என்பதால், தேவாலயத்துக்குச் செல்லும் நேரத்தில் ஒலிபரப்பு இருக்கக் கூடாது, மற்ற நேரத்திலும் சமயச் சொற்பொழிவும் கனமான இசையும்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அவருடைய நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆறு நாள் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு ஏழாம் நாள் பெட்டியைத் திறந்தவருக்கு அது போதவில்லை. 1931இல் பிரான்சின் வடக்குக் கரையிலிருந்து ரேடியோ நார்மண்டி ஆங்கிலத்தில் நடன இசையும் நகைச்சுவையும் ஒலிபரப்பத் தொடங்கியது. 1933இல் ரேடியோ லக்சம்பர்க்கும் சேர்ந்துகொண்டது. இரண்டும் விளம்பரத்தால் நடந்தவை. பிபிசியில் விளம்பரத்துக்கு இடமில்லாததால் பிரிட்டிஷ் நிறுவனங்களே அவற்றுக்குப் பணம் கொடுத்தன. ஓவல்டின் என்ற பானத்தின் நிறுவனம் சிறுவர்களுக்காக லக்சம்பர்க்கில் நடத்திய ஞாயிறு மாலை நிகழ்ச்சி ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே கட்டிப்போட்டது. வார நாட்களில் பிபிசியைக் கேட்டவர்கள் ஞாயிறு வந்ததும் வானொலியின் முள்ளை வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். போர் தொடங்கி, 1940இல் படைவீரர்களுக்கென்று தனி அலைவரிசை ஒன்றை பிபிசி திறந்தபோதுதான் அந்த இறுக்கம் தளர்ந்தது. முகாமில் அடைபட்டிருக்கும் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் பாட்டு வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை.

இரண்டாவது முறை நடந்தது நம் பக்கத்தில். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரத்தை வெகுவாகக் குறைத்தார். இலங்கையிலோ, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்கான ஒலிபரப்புக்கென்று திட்டமிட்ட ஆற்றல்மிக்க சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் உள்ளூர் வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இலேயே அங்கே வர்த்தக சேவையும் தொடங்கியிருந்தது. டெல்லி மூடிய கதவை கொழும்பு திறந்து வைத்தது என்று சொல்லலாம். இந்தித் திரைப்பாடல் நேயர்களும் தமிழ்த் திரைப்பாடல் நேயர்களும் ஒருசேர இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி தொடங்கப்பட்டது, இழந்த நேயர்களை மீட்கும் முயற்சியாகவே. அதற்குள் தமிழ் நேயர்களுக்கு கொழும்பின் குரல்கள் வீட்டுக் குரல்களாகிவிட்டிருந்தன.

இங்கே ஒரு தொழில்நுட்பக் காரணத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் பயணம் செய்யும். பகலில் வெயிலின் தாக்கத்தால் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் அயனிப் படலம் (மின்னேற்றம் பெற்ற துகள்களின் அடுக்கு), மேலே செல்லும் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே பகலில் தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே நம்மை எட்டும். இருட்டியதும் அந்தப் படலம் கலைந்துவிட, அலைகள் இன்னும் உயரத்திலுள்ள படலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வந்து குவிகின்றன. ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்வதும், ஒலி ஏறி இறங்குவதும் இரவில் அதிகமாக இருப்பது இதனால்தான். அதாவது, பகலில் தொலைவு குறைவு, தெளிவு அதிகம். உப்புக் கடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தரையை ஒட்டி வரும் அலை நிலத்தைவிடக் கடல் பரப்பில் வெகுதூரம் வலுக் குறையாமல் செல்லும். பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் இருந்தவர்களுக்கு நடுப்பகலிலும் அடுத்த கரை வானொலி பக்கத்து ஊர் வானொலிபோலக் கேட்டதற்கு இந்த உப்புநீரும் ஒரு காரணம். உள்நாட்டில் இருந்தவர்கள் தொலைவிலும் எட்டும் சிற்றலையை நம்ப வேண்டியிருந்தது. அதிலும் பகலுக்குரிய 25, 31 மீட்டர் அலைவரிசைகளில் முள்ளை மயிரிழை நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே அறிவிப்பாளர் குரல் தெளியும் இடத்தில் கையை எடுத்து, பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டு உட்கார்ந்த அனுபவம் பலருக்கு இருக்கும்.

இதே பௌதிகம் ஐரோப்பாவில் எதிர்த்திசையில் வேலை செய்தது. போருக்கு முன் நெட்டலையில் (லாங் வேவ்) பகலிலும் கேட்ட லக்சம்பர்க்கின் ஆங்கில சேவை, 1951இல் மத்திய அலையில் 208 மீட்டருக்கு மாறியது. அங்கிருந்து பிரிட்டனுக்கு இரவில்தான் நன்றாக எட்டியது. அது இரவு நிலையமாகிவிட, ஞாயிறு பகல் மீண்டும் பிபிசியின் கைக்கு வந்தது. ஆனால் இம்முறை பிபிசி பாடம் படித்திருந்தது. 1945இல் தொடங்கிய அதன் பொழுதுபோக்கு அலைவரிசை, ஞாயிறு மதியத்தை முழுக்க முழுக்கக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டது.

அந்த மதியத்தின் நடுநாயகமாக இருந்த நேயர் விருப்ப நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஞாயிறு பிற்பகல் வானொலி என்றால் என்ன என்பதை அது ஒன்றே காட்டிவிடும். வெளிநாட்டில் பணியிலிருந்த படைவீரர்களுக்கும் ஊரிலிருந்த குடும்பத்தினருக்கும் நடுவே பாட்டால் பாலம் கட்டிய நிகழ்ச்சி அது. லண்டன் கலையகத்தில் ஓர் அறிவிப்பாளர், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் படைகளுக்கான வானொலியில் இன்னோர் அறிவிப்பாளர். ஒரு பாட்டு இங்கிருந்து, அடுத்தது அங்கிருந்து. மகனுக்காகத் தாய் கேட்ட பாட்டை லண்டன் ஒலிபரப்பும்போது அந்த மகன் ஹாம்பர்க்குக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு முகாமில் அதே நொடியில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நாடு முழுவதும் தெரியும். அந்தத் தாயையும் மகனையும் முன்பின் அறியாதவர்கள்கூட அந்தப் பாட்டை வேறு காதுகொண்டு கேட்டார்கள். லண்டனில் ஜீன் மெட்காஃபும் ஹாம்பர்க்கில் கிளிஃப் மிஷெல்மோரும் அறிவிப்பாளர்களாக இருந்தபோது, இருவரும் குரலால் மட்டுமே அறிமுகமாகி, அந்த இணைப்பு வழியாகவே நெருங்கி, 1950இல் திருமணம் செய்துகொண்டார்கள். பாட்டு போட்டுவிட்டுக் காத்திருக்கும் மூன்று நிமிடத்துக்குள் எவ்வளவு நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று நிமிடம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுத்தான் கொள்ளும். பாட்டின் நீளத்தையே தீர்மானித்த அந்தத் தட்டு, அறிவிப்பாளரின் மூச்சையும் தீர்மானித்தது. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த தட்டை உறையிலிருந்து எடுத்து, தூசியைத் துடைத்து, இரண்டாவது சுழல்மேடையில் வைத்து, பாட்டின் முதல் ஒலி எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் திருப்பி நிறுத்திவைக்க வேண்டும். பின்னால் திருப்பாமல் விட்டால், மேடை முழு வேகத்தை எட்டுவதற்குள் பாட்டு தொடங்கிவிடும். குரல் இழுபட்டு ஏறும். அதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி மறக்காது. நல்ல அறிவிப்பாளருக்கு ஒவ்வொரு பாட்டின் முன்னிசை எத்தனை விநாடி என்பது மனப்பாடமாகத் தெரியும். பாடகரின் முதல் சொல்லுக்கு அரை விநாடி முன்னால் தன் வாக்கியத்தை முடித்துவிடுவார், பாட்டின்மேல் பேசமாட்டார். இன்று இது பெரும்பாலும் கைவிடப்பட்ட நாகரிகம். பாடகர் பாடத் தொடங்கிய பிறகும் பேசிக்கொண்டிருக்கும் தொகுப்பாளரை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நேரத்தைக் கையாளும் கலை இன்னொன்று. மூன்று மணிக்குச் செய்தி என்றால் மூன்று மணிக்கே செய்தி. ஒரு நொடி பிந்தக் கூடாது, முன்னதாக முடித்துவிட்டு மௌனமாக இருக்கவும் கூடாது. கடைசியில் வரும் இசைத்துண்டு 3 நிமிடம் 20 விநாடி என்றால், அதைச் சரியாக 2 மணி 56 நிமிடம் 40 விநாடிக்கு ஒலியே இல்லாமல் ஓடவிடுவார்கள். நேயருக்கு எதுவும் கேட்காது. அறிவிப்பாளர் கடிதங்களை வாசித்து முடிப்பார், அடுத்த வாரம் வருவதைச் சொல்வார், பேச்சு எப்போது முடிகிறதோ அப்போது அந்த இசையின் ஒலியை மெல்ல உயர்த்துவார். இசை எங்கிருந்து கேட்கத் தொடங்கினாலும் சரி, அது முடிவது மூன்று மணி அடிக்கும்போது. வீட்டில் இருப்பவர்களுக்கு, எல்லாம் தானாகவே பொருந்தி வந்ததுபோல் இருக்கும்.

தமிழ் வானொலி இந்த வேளைகளுக்கென்று தனக்கே உரிய வடிவங்களை உண்டாக்கிக்கொண்டது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’. நேயர் ஒருவர் எழுதி அனுப்பிய சிறுகதையை அறிவிப்பாளர் வாசிப்பார். கதையின் திருப்பங்களில் திரைப்பாடல்கள் அமையும். சொல்வதற்கு எளிது. ஆனால் ஏற்கெனவே வேறொரு கதைக்காக எழுதப்பட்டு, எல்லார் மனத்திலும் ஒரு காட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டை அந்தக் காட்சியிலிருந்து பிரித்து எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரின் கதையில் இயல்பாக உட்கார வைப்பது சாதாரண வேலையில்லை. கதையின் கடைசி வாக்கியமும் பாட்டின் முதல் அடியும் ஒன்றையொன்று தொட வேண்டும். அந்தப் பாத்திரமே பாடுவதுபோல் இருக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால், அந்தப் பாட்டை அடுத்த முறை கேட்கும்போது படக் காட்சிக்குப் பதிலாக அந்தக் கதை நினைவுக்கு வரும். ராஜேஸ்வரி சண்முகம் போன்றவர்களின் குரலில் கதையும் பாட்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் கேட்டவர்கள் ஏராளம்.

இதற்கு நேர்மாறான கலகலப்பு, பி.எச். அப்துல் ஹமீதின் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் ‘பாட்டுக்குப் பாட்டு’. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் போட்டியாளர் பாட வேண்டும் என்ற ஒரே விதி. அந்த விதி, கேட்பவரையும் போட்டியாளராக்கிவிட்டது. போட்டியாளர் திணறும் நேரத்தில் வீட்டில் ஒருவர் அடியைக் கண்டுபிடித்து உரக்கப் பாட, இன்னொருவர் அது பாட்டுக்கு முன் வரும் தொகையறா, பல்லவி இல்லை என்று மறுக்க, அதற்குள் வானொலியில் மணி அடித்துவிடும். கே.எஸ். ராஜாவின் பாணி வேறு: மின்னல் வேகம், அந்த வேகத்திலும் ஓர் எழுத்துக்கூட மசங்காத உச்சரிப்பு. இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக எஸ்.பி. மயில்வாகனன். இந்தக் குரல்களைக் கேட்டே ழகர லகர ளகரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. பாட்டுக்கு முன்னும் பின்னும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று தவறாமல் சொன்னதால்தான், திரைப்பாட்டை எழுதிய கவிஞர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் நம் நேயர்களிடம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டு நிலையங்கள் இந்த வேளைக்குக் கொடுத்த கொடை, ஒலிச்சித்திரம். ஞாயிறு பிற்பகலில் ஒரு முழுத் திரைப்படத்தின் ஒலியை ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கித் தருவார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் எதை விடுவது என்பதில்தான் தொகுப்பவரின் திறமை. சண்டைக் காட்சியில் ஒலிக்கு மதிப்பில்லை, வெட்டிவிடலாம். முகபாவத்தால் சிரிக்க வைக்கும் நகைச்சுவையும் போய்விடும். பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும் நிற்கும். எஞ்சுவது வசனம். அதனால்தான் உரையாடலில் வலுவுள்ள பழைய படங்கள் ஒலிச்சித்திரமாக அப்படிப் பொலிந்தன. கதவு திறக்கும் ஓசைக்குப் பின் வந்தது யார் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும் அளவுக்கு நடிகர்களின் குரல் நேயர்களுக்குப் பழகியிருந்தது. படத்தைப் பார்க்காதவர்கள் காதால் ஒரு படத்தைக் கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் திரையில் பார்த்தபோது தாம் கட்டியதே நன்றாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

இவை எல்லாமே இலகுவானவை, கனமான இசைக்கு இந்த வேளை ஏற்றதல்ல என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் ஞாயிறு பிற்பகல் கச்சேரிகளை சிபிஎஸ் வானொலி நிறுவனம் 1930 அக்டோபர் முதல் அமெரிக்கா முழுவதும் நேரடியாக ஒலிபரப்பியது. கச்சேரி அரங்கையே பார்த்திராத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போயிற்று. 1941 டிசம்பர் 7ஆம் தேதி அந்தக் கச்சேரிக்காக வானொலியைத் திறந்து வைத்திருந்தவர்கள்தான் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியையும் கேட்டார்கள். 1943 நவம்பர் 14ஆம் தேதி, இசைக்குழுவை நடத்த வேண்டிய புரூனோ வால்ட்டர் உடல்நலமின்றிப் படுத்துவிட, 25 வயதான துணை நடத்துனர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் மேடையேறினார். அன்று அரங்கில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர். வானொலி இருந்ததால், ஒரே பிற்பகலில் நாடறிந்தவரானார். ரீத் தவறியதும் கேஸ்கர் தவறியதும் கனமான இசையைக் கொடுத்ததால் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அந்த இசை மட்டுமே இருக்கலாம், மற்றது கூடாது என்று நேயரின் ஓய்வுப் பொழுதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

1954இல் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்த பிறகு பெட்டி கூடத்தை விட்டுக் கைக்கு வந்தது; கூட்டமாகக் கேட்பதும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறோம் என்ற உணர்வு போய்விடவில்லை. பிரிட்டனில் 1960களிலிருந்து அந்த வாரத்தின் விற்பனை வரிசைப்படி பாடல்களை ஒலிபரப்பும் நிகழ்ச்சி ஞாயிறு பிற்பகலில் வந்தது. 1987இலிருந்து புதிய வரிசையே அந்த நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக வெளியானது; முதலிடத்தில் எந்தப் பாட்டு என்பது அதுவரை யாருக்கும் தெரியாது என்பதே அதன் உயிராயிற்று. ஒலிநாடாக் கருவியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நொடிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அங்கே ஒரு தலைமுறை. அமெரிக்காவில் கேசி காசெம் என்ற அறிவிப்பாளர் 1970 ஜூலையில் தொடங்கிய அதே வகை நிகழ்ச்சி, இசைத்தட்டுகளில் பதிவாகி அஞ்சலில் நிலையங்களுக்குப் போய், வார இறுதியில் ஊருக்கு ஊர் ஒலித்தது. தொலைவிலிருக்கும் ஒருவருக்காக நேயர் எழுதிய கடிதத்தை வாசித்து, அவருக்கென்று பாட்டு போடும் பகுதியை காசெம் 1978இல் அதில் சேர்த்தார். அது ஹாம்பர்க்கும் லண்டனும் செய்த அதே வேலைதான். பிபிசியின் வரிசை நிகழ்ச்சி 2015 ஜூலையில் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமை வெளியாகும் ஏற்பாடு வந்ததால் கணக்குப்படி அது சரியான முடிவு. பல பத்தாண்டுகளாகக் குடும்பங்கள் அந்த நேரத்தைத் தமக்கென்று வைத்திருந்த பழக்கத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை என்பது என் வருத்தம்.

இனி, இன்று அப்படியொரு நிகழ்ச்சிக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்வி. பாட்டுக்காக மட்டும் என்றால் இல்லை; பாட்டு கைபேசியில் இருக்கிறது. தானே தேர்ந்தெடுத்துக் கேட்பவருக்குக் கிடைக்காதவை இரண்டு. ஒன்று, தான் மறந்தே போயிருந்த பாட்டு எதிர்பாராமல் வந்து நிற்பது. கைபேசிச் செயலியும் பாட்டைப் பரிந்துரைக்கிறது. ஆனால் அது நாம் ஏற்கெனவே கேட்டதன் சாயலில்தான் அடுத்ததைத் தருகிறது. மற்றொன்று, இந்த நொடியில் நான் கேட்பதையே இன்னும் பலர் கேட்கிறார்கள் என்ற அறிவு. சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் பண்பலை, விவித் பாரதியின் சென்னை ஒலிபரப்பு ஆகிய எல்லாமே இன்று இணையத்திலும் கேட்கின்றன. அயனிப் படலமும் உப்புக்கடலும் வகுத்த எல்லை போய்விட்டது. ஹாம்பர்க்–லண்டன் பாலத்தை இன்று எந்தச் சிறு நிலையமும் கட்டலாம்.

ஆகவே, ஞாயிறு பிற்பகலுக்கு நிகழ்ச்சி தொகுக்க நினைப்பவர்களுக்கு, ஒரு சிறிய நிலையத்தில் அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். வார நாள் மாலையின் துள்ளலை அப்படியே தூக்கி ஞாயிறு மதியத்தில் வைக்காதீர்கள். உண்ட களைப்பில் இருப்பவரை உலுக்கி எழுப்பும் வேலை நமக்கில்லை. முதல் அரை மணி நேரம் மெல்லிசை, நடுவில் போட்டியோ நகைச்சுவையோ, அதன்பின் நேயர் விருப்பம், பொழுது சாயும்போது மீண்டும் நிதானம் என்று போவது இயல்பாக அமையும். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் ஏதேனும் ஒரு பகுதி, வாரந்தோறும் நிமிடம் பிசகாமல் ஒரே நேரத்தில் வர வேண்டும். மற்றவற்றை மாற்றினாலும் அதை மாற்றக் கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் மக்கள் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். எல்லாரும் அறிந்த பாட்டு இரண்டு வந்தால், அடுத்தது பலர் மறந்த பாட்டாக இருக்கட்டும். அறியாத பாட்டையே அடுக்கினால் அது தொகுப்பவரின் புலமையைக் காட்டுமே தவிர, கேட்பவரோடு உறவு உண்டாகாது. ஒலிபரப்பு உரிமத்தை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல இடமில்லை.

பெயர்களில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நான் ஒருமுறை நேயர் ஒருவரின் பெயரை அவசரத்தில் ஓர் எழுத்து மாற்றி வாசித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. தம் பெயரை அசை அசையாகப் பிரித்து, பெரிய எழுத்தில், நடுநடுவே சிறு கோடு போட்டு எழுதியிருந்தார். கீழே, அன்று தம் பாட்டியோடு உட்கார்ந்து கேட்டதாகவும், அது வேறு யாருடைய பெயரோ என்று பாட்டி கேட்டுவிட்டதாகவும் ஒரு வரி. அந்த வார நிகழ்ச்சியில் அதே பாட்டை மறுபடி போட்டு, அந்தப் பெயரை இரண்டு முறை சரியாகச் சொன்னேன். அந்த அட்டை நெடுநாள் என் கலையக மேசையில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது விருப்பங்கள் குரல்பதிவாகவும் குறுஞ்செய்தியாகவும் வருகின்றன. வாசிப்பதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை அதனால் விட்டுவிடத் தேவையில்லை.

கடைசிப் பாட்டை முழுதாக ஓடவிடுங்கள். சரணத்தின் நடுவே ஒலியைத் தாழ்த்தி நன்றி சொல்லாமல், அதன் பின்னிசையும் ஓய்ந்த பிறகு படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை மூடுங்கள். சொன்ன மணிக்கு வந்துவிடுங்கள்.